வன்முறை வேடிக்கையாகும்போது

சென்ற தவணை முடிவதற்கு ஒரு வாரத்துக்கு முன்னர், கண்டி - மஹியங்கனை வீதியில் எங்கள் பஸ் தரிப்பிடத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு மோட்டார் சைக்கிளும் முச்சக்கரவண்டியும் மோதிக்கொண்டன. மோட்டார் சைக்கிளில் வந்த இளைஞர் வீதியோரத்தில் விழுந்து கிடந்தார். சுற்றிக் கூடியவர்கள் பதினைந்து பேருக்குக் குறையாது. அவர்களில் ஐந்தாறு பேரின் கைகளில் தொலைபேசிகள் உயர்ந்திருந்தன. மரக்கறி விற்கும் வயதான சிங்களப் பெண்மணி ஒருவர்தான் ஓடிவந்து, இளைஞரின் பக்கத்தில் குந்தி, அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, 1990 அம்பியுலன்ஸுக்கு அழைக்கும்படி சத்தமிட்டார். அதன் பிறகே படம் எடுத்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் அதை நிறுத்திவிட்டு அழைப்பு எடுத்தார்.

அன்றிரவு அந்தக் காட்சி வட்ஸ்அப்பில் எங்கள் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. பின்னணியில் ஏதோ ஒரு திரைப்படச் சண்டைக்காட்சியின் இசை சேர்க்கப்பட்டிருந்தது. கீழே சிலர் சிரிக்கும் முகங்களைப் போட்டிருந்தார்கள். அந்த இளைஞர் பிழைத்துக்கொண்டார், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்த உயர்ந்த கைகள் என் நினைவிலிருந்து போகவில்லை. அவர்கள் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. எங்கள் ஊர்ப் பிள்ளைகள்தான். ஒருவர் எங்கள் பின் வீட்டுக்காரர். பெருநாளைக்கு வட்டிலப்பம் கொண்டுவந்து தருகிறவர். அப்படிப்பட்ட ஒருவருக்கு, மனிதன் ஒருவன் இரத்தத்தில் கிடக்கும்போது கை ஏன் முதலில் தொலைபேசிக்குப் போகிறது?

"வன்முறைப் படங்கள் பிள்ளைகளைக் கெடுக்கின்றன" என்பது பேச்சுப் போட்டிகளில் நாம் மனனம் செய்து ஒப்புவிக்கும் தலைப்பு. நானும் தரம் 8 இல் இந்தத் தலைப்பில் பேசி இரண்டாமிடம் பெற்றிருக்கிறேன். துப்பாக்கி விளையாட்டு விளையாடும் பிள்ளை நாளை கொலைகாரனாவான் என்று அன்று கையை உயர்த்திச் சொன்னேன். சபை கைதட்டியது. இப்போது ஊடகக் கற்கையை ஒரு பாடமாகப் படிக்கும்போது, அன்று சொன்னவற்றில் பாதி எனக்கே சரியாகப் படவில்லை. மற்றப் பாதியோ நான் சொன்னதைவிடப் பாரதூரமானதாகத் தெரிகிறது.

வன்முறையை வேடிக்கை பார்ப்பது தொலைபேசியோடு வந்த பழக்கமல்ல. கி.பி. 80 இல் ரோமாபுரியில் கொலோசியம் அரங்கு திறக்கப்பட்டபோது நூறு நாட்கள் விழா நடந்தது. மனிதன் மனிதனோடும் மனிதன் மிருகத்தோடும் மோதிச் சாவதைப் பல்லாயிரம் பேர் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்தார்கள். நம் மார்க்க வரலாற்றிலும் இதைத் தொட்டுச் செல்லும் ஒரு சம்பவம் உண்டு. சில இளைஞர்கள் ஒரு கோழியைக் கட்டிவைத்து அதன்மீது அம்பெய்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். இப்னு உமர் (ரழி) அவர்கள் அவ்வழியே வருவதைக் கண்டதும் சிதறி ஓடினார்கள். உயிருள்ள ஒன்றை இலக்காக வைத்து எய்து விளையாடுவதை நபி (ஸல்) அவர்கள் கடுமையாகக் கண்டித்திருக்கிறார்கள் என்பதை அவர் அங்கே எடுத்துச் சொன்னார். அறுத்து உண்பதற்கு அனுமதிக்கப்பட்ட ஒரு பிராணி அது. ஆனாலும் அதன் வேதனை விளையாட்டாக மாறுவது தடுக்கப்பட்டது. இந்தச் சம்பவத்தை மத்ரசாவில் சிறு வயதிலேயே கேட்டிருந்தாலும், இதற்கும் தொலைபேசிக்கும் தொடர்பு இருக்கலாம் என்று அப்போது தோன்றவில்லை.

விஞ்ஞானிகள் இதை எப்படி ஆராய்ந்தார்கள் என்று பார்ப்போம். 1961 இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் அல்பர்ட் பந்துரா என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும், அங்குள்ள பாலர் பாடசாலையில் படித்த 72 பிள்ளைகளை வைத்து ஒரு பரிசோதனை செய்தார்கள். அடித்தால் சாய்ந்து மறுபடி எழுந்து நிற்கும் காற்றடைத்த பெரிய பொம்மை ஒன்று. பெயர் போபோ. ஒரு பகுதிப் பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு வளர்ந்தவர் அந்தப் பொம்மையைச் சுத்தியலால் அடித்தார், உதைத்தார், மேலே தூக்கி எறிந்தார். இன்னொரு பகுதிப் பிள்ளைகளுக்கு முன்னால் வளர்ந்தவர் அமைதியாக வேறு விளையாட்டில் ஈடுபட்டார். மூன்றாவது பகுதிப் பிள்ளைகள் எவரையும் பார்க்கவில்லை. பிறகு பிள்ளைகளைத் தனித்தனியே அந்தப் பொம்மையோடு விட்டபோது, அடிப்பதைப் பார்த்த பிள்ளைகள் தாமும் அடித்தார்கள். அதே அடி, அதே உதை. அந்த வளர்ந்தவர் சொன்ன வார்த்தைகள்கூட அப்படியே வந்தன.

1963 இல் இதையே திரையில் காட்டிப் பார்த்தார்கள். நேரில் பார்த்த பிள்ளைகளைப் போலவே படத்தில் பார்த்த பிள்ளைகளும் செய்தார்கள். 1965 இல் வெளிவந்த மூன்றாவது ஆய்வுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. அதில், பொம்மையை அடித்தவர் தண்டிக்கப்படுவதைச் சில பிள்ளைகளுக்குக் காட்டினார்கள். அந்தப் பிள்ளைகள் குறைவாகவே அடித்தார்கள். நல்ல விடயம்தானே! ஆனால் "அவர் என்ன செய்தார் என்று செய்து காட்டினால் பரிசு தருவோம்" என்று சொன்னதும், அவர்களும் மற்றவர்களைப் போலவே அத்தனையையும் செய்து காட்டினார்கள். ஆக, கற்றுக்கொள்வது எல்லோருக்கும் நடந்திருந்தது. அதை வெளியே காட்டும் சந்தர்ப்பம்தான் சிலருக்கு வரவில்லை.

இந்தப் பரிசோதனைகளுக்கு எதிர்ப்பும் உண்டு. அது அடிப்பதற்கென்றே செய்யப்பட்ட பொம்மைதானே, அதை அடித்ததற்காக ஒரு பிள்ளையை வன்முறையாளன் என்று சொல்லலாமா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. யப்பானிலும் தென் கொரியாவிலும் கணினி விளையாட்டுகள் நம்மைவிடப் பன்மடங்கு ஆடப்படுகின்றன. அங்கே தெருவெல்லாம் கொலை நடக்கவில்லை. அமெரிக்க உளவியல் சங்கம் 2020 இல் இவ்விடயம் பற்றிய தன் தீர்மானத்தைத் திருத்தி வெளியிட்டது. வன்முறை விளையாட்டுகளுக்கும், கத்துதல், தள்ளுதல் போன்ற முரட்டுத்தனமான நடத்தைகளுக்கும் இடையே சிறிய, ஆனால் திரும்பத் திரும்பக் காணப்படும் ஒரு தொடர்பு உண்டு. துப்பாக்கிச் சூடு போன்ற பாரிய குற்றங்களுக்கு அவற்றைக் காரணம் காட்டப் போதிய சான்று இல்லை என்பதே அதன் சாரம். என் தரம் 8 பேச்சுக்கு இது நேர் எதிர். பெற்றோர் சற்று மூச்சு விடலாம்.

ஆனால் முழுமையாக விட முடியாது. 1974 இல் ரொனால்ட் ட்ராப்மன், மார்கரெட் தோமஸ் என்ற இருவர் வேறு ஒரு கேள்வியைக் கேட்டார்கள். வன்முறையைப் பார்த்த பிள்ளை அடிக்குமா என்று அவர்கள் கேட்கவில்லை. அடிபடும் ஒருவரைக் கண்டால் அந்தப் பிள்ளை என்ன செய்யும் என்று கேட்டார்கள். ஒரு பகுதிப் பிள்ளைகளுக்கு வன்முறை நிறைந்த படம் ஒன்றைக் காட்டினார்கள், மற்றவர்களுக்குக் காட்டவில்லை. பிறகு ஒவ்வொரு பிள்ளையிடமும், பக்கத்து அறையில் இரண்டு சின்னப் பிள்ளைகள் விளையாடுகிறார்கள், இந்தத் திரையில் அவர்களைப் பார்த்துக்கொள், ஏதாவது பிரச்சினை என்றால் வந்து சொல் என்று பொறுப்புக் கொடுத்தார்கள். திரையில் அந்தச் சின்னப் பிள்ளைகள் சண்டை பிடிக்கத் தொடங்கினார்கள். உண்மையில் அது முன்பே எடுத்துவைத்த காட்சி. வன்முறைப் படம் பார்த்த பிள்ளைகள் உதவி கேட்டுப் போவதற்கு மற்றவர்களைவிட அதிக நேரம் எடுத்தார்கள்.

இதை வாசித்தபோது எனக்கு அந்த மஹியங்கனை வீதிதான் நினைவுக்கு வந்தது. நம் பிள்ளை நாளை யாரையாவது அடித்துவிடுமோ என்று நாம் பயப்படுகிறோம். பெரும்பாலான பிள்ளைகள் யாரையும் அடிக்கப் போவதில்லை. யாரோ அடிபடும்போது அவர்கள் கொஞ்சம் தாமதமாக எழுந்திருப்பார்கள், அவ்வளவுதான். அந்தத் தாமதம் ஒருவரிடம் இருந்தால் பெரிதாகத் தெரியாது. கூடி நிற்கும் பதினைந்து பேரிடமும் இருந்தால் ஒரு மனிதன் வீதியில் கிடப்பான்.

மரத்துப்போவது ஒரு பக்கம் என்றால் பயம் இன்னொரு பக்கம். அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் தொலைக்காட்சியைப் பல்லாண்டுகள் ஆராய்ந்த ஜோர்ஜ் கெர்ப்னர், வன்முறை நிறைந்த நிகழ்ச்சிகளை அதிகம் பார்ப்பவர்கள் உலகத்தை உள்ளதைவிட ஆபத்தான இடமாகக் கருதத் தொடங்குகிறார்கள் என்று சொன்னார். அயலவரை நம்ப மாட்டார்கள். எங்கும் ஆபத்து என்று நினைப்பார்கள். பயந்தவர்கள் சும்மா இருப்பதில்லை என்பதை 2018 இல் இந்தியாவில் பார்த்தோம். பாகிஸ்தானின் கராச்சியில், பிள்ளைகளைக் கடத்துவது எவ்வளவு சுலபம் என்று பெற்றோரை விழிப்பூட்டுவதற்காக ஒரு சிறு படம் எடுக்கப்பட்டிருந்தது. மோட்டார் சைக்கிளில் வரும் இருவர் விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளையைத் தூக்கிச் செல்வார்கள். பிறகு திரும்பி வந்து பிள்ளையை இறக்கிவிட்டு, எச்சரிக்கை வாசகத்தைக் காட்டுவார்கள். யாரோ அந்தக் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டு, இது நம் ஊரில் நடந்தது என்று வட்ஸ்அப்பில் விட்டார்கள். பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வதந்தியால் பல மாநிலங்களில் அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்டார்கள். தமிழ்நாட்டில் திருவண்ணாமலை மாவட்டத்தில், 2018 மே மாதம், உறவினரோடு கோயிலுக்கு வந்த ஒரு முதிய பெண்மணி, வழியில் நின்ற பிள்ளைகளுக்குச் சொக்லட் கொடுத்ததால் சந்தேகிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி வட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது இவற்றுக்குப் பிறகுதான். நம் தொலைபேசியிலும் அந்தக் கட்டுப்பாடு இருக்கிறது. அது ஏன் வந்தது என்று தெரியாமலே, ஐந்து ஐந்தாகத் தெரிவுசெய்து அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

இந்தியாவுக்குப் போவானேன்? பல்லேகலவிலிருந்து மஹியங்கனைப் பக்கம் பஸ்ஸில் போனால் சில நிமிடங்களில் திகன வந்துவிடும்.

2018 பெப்ரவரி 22 ஆம் திகதி தெல்தெனியப் பகுதியில் ஒரு சிங்கள லொறிச் சாரதி சில முஸ்லிம் இளைஞர்களால் தாக்கப்பட்டார். மார்ச் 3 ஆம் திகதி அவர் வைத்தியசாலையில் உயிரிழந்தார். அது ஒரு குற்றம். அதை மறைத்துவிட்டு மற்றதைப் பேசுவது சரியல்ல. இதற்கிடையே பெப்ரவரி 26 இல் அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தில் கருத்தடை மாத்திரை கலந்த உணவு கொடுக்கிறார்கள் என்று வதந்தி கிளம்பியது. சிங்களம் சரியாகப் புரியாத ஓர் ஊழியரைக் கும்பல் சூழ்ந்து நின்று மிரட்டி "ஆம்" என்று சொல்ல வைத்து, அதைப் படம் பிடித்துப் பரப்பியது. அது வெறும் மாக்கட்டி என்று அரச பகுப்பாய்வு அறிக்கை பின்னர் சொன்னது. அதற்குள் அந்த வீடியோ நாடெங்கும் போய்விட்டது. ஓர் அமைப்பின் தலைவர் திகன கடைவீதியில் நடந்துகொண்டே, இங்கே முஸ்லிம்களின் கடைகள்தான் நிறைந்திருக்கின்றன என்று பேசி எடுத்த வீடியோவும் பேஸ்புக்கில் பரவியது. மார்ச் 5 ஆம் திகதி திகன எரிந்தது. மறுநாள் அவசரகாலச் சட்டம். மார்ச் 7 முதல் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர், இன்ஸ்டகிராம் எல்லாம் ஒரு வாரமளவில் முடக்கப்பட்டன. கண்டி மாவட்டத்தில் நூற்றுக்கணக்கான வீடுகளும் கடைகளும், அவற்றோடு பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. எரிந்த வீட்டுக்குள் சிக்கி ஓர் இளைஞர் உயிரிழந்தார். அயலிலிருந்த சிங்களக் குடும்பங்கள் முஸ்லிம்களைத் தம் வீடுகளுக்குள் வைத்துப் பாதுகாத்ததும், பௌத்த பிக்குமார் பள்ளிவாசலுக்குக் காவல் நின்றதும் அந்த நாட்களில்தான் நடந்தன. 2020 மே மாதத்தில் பேஸ்புக் நிறுவனம், இலங்கையில் தன் தளம் தவறாகப் பயன்படுத்தப்பட்டதற்கும் அதனால் ஏற்பட்ட பாதிப்புக்கும் மன்னிப்புக் கேட்டது.

கலவரத்துக்கும் பொழுதுபோக்குக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் கலவரம் பிள்ளைகளாகிய எங்களிடம் எந்த வழியாக வந்து சேர்ந்தது என்பதில்தான் தொடர்பு இருக்கிறது. நான் அப்போது தரம் 5. புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். ஊரடங்குச் சட்டம். பாடசாலை இல்லை. சொந்தக்காரர்கள் சிலர் பாதுகாப்புக்காக எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தார்கள். பெரியவர்கள் முன் அறையில் யாசீன் ஓதிக்கொண்டிருக்க, பின் அறையில் நாங்கள் ஏழெட்டுப் பிள்ளைகள் ஒரே தொலைபேசியைச் சுற்றிப் படுத்திருந்தோம். வட்ஸ்அப் முடக்கப்படுவதற்கு முன்பே இறங்கியிருந்த வீடியோக்கள் அதில் இருந்தன. கடை எரிவது, கண்ணாடி உடைவது, ஆட்கள் ஓடுவது. ஒன்று முடிந்ததும் இன்னொன்று. நடுவில் யாரோ சேமித்து வைத்திருந்த டொம் அன்ட் ஜெரி. அதில் ஜெரி டொம்மின் தலையில் இஸ்திரிப் பெட்டியைப் போடும். நாங்கள் சிரிப்போம். விரல் தள்ளியதும் மறுபடி நெருப்பு. எல்லாம் ஒரே அளவுத் திரை. சத்தத்தைக் குறைத்தால் எல்லாம் ஒன்றுபோலவே இருந்தது. ஐந்தாவது தடவை பார்க்கும்போது அந்த நெருப்புக்கு நான் பயப்படவில்லை என்பது நன்றாக நினைவிருக்கிறது.

மூன்றாம் நாள் தம்பிமார் ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தார்கள். நெருப்புப்பெட்டிகளை வரிசையாக அடுக்கி அது திகன டவுன் என்றார்கள். ஒருவர் பொலிஸ். மற்றவர்கள் கடை எரிப்பவர்கள். எரிப்பவராக இருப்பதற்கு எல்லோரும் அடிபட்டார்கள். கடைக்காரராக இருப்பதற்கு ஒருவரும் முன்வரவில்லை. அந்தக் கிழமை திகனவில் எங்கள் மாமாவின் துணிக்கடை எரிந்திருந்தது. கடை எரிப்பவராக நின்று அதிகமாகக் கத்தியவன் அந்த மாமாவின் மகன்தான். அவனுக்கு வயது ஆறு. உம்மா வந்து பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் நெருப்புப்பெட்டிகளைப் பொறுக்கிக்கொண்டு போனார். பந்துராவின் பிள்ளைகளைப் பற்றிப் படித்த அன்று எனக்கு இதுதான் கண்முன் வந்தது. பொம்மையின் பக்கம் நிற்க எந்தப் பிள்ளையும் விரும்புவதில்லை. தன் வீட்டாரே பொம்மையாக இருந்தாலும் பிள்ளை சுத்தியல் வைத்திருப்பவரைத்தான் பார்க்கிறது.

அடுத்த ஆண்டு இதே மார்ச் மாதம், 15 ஆம் திகதி வெள்ளிக்கிழமை, நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் நகரில் இரண்டு பள்ளிவாசல்களில் ஒருவன் துப்பாக்கிச் சூடு நடத்தி 51 பேரைக் கொன்றான். தலைக்கவசத்தில் கெமரா பொருத்தி அதைப் பேஸ்புக்கில் நேரலையாக ஒளிபரப்பினான். துப்பாக்கியின் பின்னாலிருந்து பார்ப்பது போல, கணினி விளையாட்டுகளில் வரும் அதே கோணம். அவனை அந்த விளையாட்டுகள் கொலைகாரனாக்கின என்று நான் சொல்ல வரவில்லை. அவனை ஆக்கியது வெறுப்பு. ஆனால் தான் செய்வதை உலகம் எந்தக் கோணத்தில் பார்த்துப் பழகியிருக்கிறது என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. முதல் 24 மணித்தியாலங்களில் அந்த வீடியோவின் 15 இலட்சம் பிரதிகளை அகற்றியதாகப் பேஸ்புக் அறிவித்தது. அதில் 12 இலட்சம் பதிவேறும்போதே தடுக்கப்பட்டவை. அப்படியென்றால் ஒரு நாளில் அத்தனை தடவை மனிதர்கள் அதை மற்றவர்களுக்குக் காட்ட முயன்றிருக்கிறார்கள். அடுத்த ஆண்டு இறுதியில் சிங்கப்பூரில் 16 வயதுச் சிறுவன் ஒருவன் கைதானான். கிறைஸ்ட்சேர்ச் நேரலையைப் பார்த்து, அதேபோல் இரண்டு பள்ளிவாசல்களைத் தாக்கத் திட்டமிட்டிருந்தான்.

இதைச் சொல்லும்போது எங்கள் பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். ஐ.எஸ். அமைப்பு தன் கொலைக் காட்சிகளைச் சண்டைப் படங்களைப் போலவே வெட்டி ஒட்டி, இசை சேர்த்து வெளியிட்டு இளைஞர்களை இழுத்தது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று நம் நாட்டில் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் 250க்கும் மேற்பட்டோரைக் கொன்றவர்களின் தலைவன், அதற்கு முன் நெடுங்காலம் இணையத்தில் வெறுப்பைப் பேசிக்கொண்டிருந்தான். நம் சமூகத்தவர்கள் சிலர் அது பற்றி முன்கூட்டியே எச்சரித்தும் இருந்தார்கள். அதைப் பார்த்த ஏராளமானோர் எதுவும் செய்யாமல் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தவர்கள்.

திரைப்படங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் பேசுவது அதைத்தான். 2023 இல் வெளிவந்த ரஜினிகாந்தின் "ஜெயிலர்" இந்தியாவில் பெற்றோரின் துணையோடு பிள்ளைகளும் பார்க்கலாம் என்ற சான்றிதழைப் பெற்றது. 2025 இல் அவருடைய "கூலி" வளர்ந்தவர்களுக்கு மட்டும் என்ற சான்றிதழைப் பெற்றது. இந்தச் சான்றிதழ்கள் திரையரங்கு வாசலில் மட்டும்தான் வேலை செய்கின்றன. கண்டிக்கும் கொழும்புக்கும் இடையில் ஓடும் தனியார் பஸ்ஸில், முன் ஆசனத்தில் உம்மாவின் மடியில் இருக்கும் மூன்று வயதுப் பிள்ளைக்கு எந்தச் சான்றிதழும் இல்லை. ஒருமுறை அப்படி ஒரு பயணத்தில், கதாநாயகன் ஒரு சண்டையில் வீழ்த்தும் அடியாட்களை எண்ணிப் பார்த்தேன். முப்பத்தொன்று வரை எண்ணினேன். பேராதனை தாண்டிவிட்டது. அந்த முப்பத்தொரு பேரில் ஒருவருக்காவது பெயர் இல்லை. வீடு இல்லை. அவர்கள் விழுந்த பிறகு யாரும் தேடி வரவில்லை. இரத்தத்தைவிட இதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. நல்ல போர்ப்படம் ஒன்றில் ஒரே ஒருவர்தான் இறப்பார், ஆனால் அவருடைய தாய் வாசலில் நிற்பதைக் காட்டுவார்கள். அதையும் வன்முறைப் படம் என்று ஒரே பெட்டிக்குள் போடுவது சரியா?

தொலைபேசி நம் பிள்ளைகளின் கைக்கு எப்போது நிரந்தரமாக வந்தது என்பது பெற்றோருக்கு மறந்திருக்காது. 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டன. பாடம் வட்ஸ்அப்பிலும் சூமிலும் வந்தது. வீட்டுக்கு வீடு கடன் வாங்கியாவது ஒரு தொலைபேசி வாங்கினோம். 2022 இல் எரிபொருள் இல்லாத காலத்தில் மறுபடியும் அதே நிலை. பாடசாலை திறந்தது. தொலைபேசியைத் திருப்பி வாங்க முடியவில்லை. என் தம்பி அப்படித்தான் பப்ஜிக்கும் ஃப்ரீ ஃபயருக்கும் வந்து சேர்ந்தான். இதற்காக எந்த உம்மாவையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான்கு பிள்ளைகளும் அடுப்பும் தையல் இயந்திரமுமாக இருக்கும் ஒரு வீட்டில், ஒரு மணித்தியாலம் சத்தமில்லாமல் இருக்கும் பிள்ளை ஒரு உதவிதான். உலக சுகாதார நிறுவனம் 2019 இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, இரண்டு முதல் நான்கு வயதுப் பிள்ளைகள் திரைக்கு முன் உட்காரும் நேரம் ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலத்தைத் தாண்டக்கூடாது. சோறு ஊட்டும் நேரத்திலேயே அது முடிந்துவிடுகிறது.

செய்யக்கூடிய சில சின்ன வேலைகள் இருக்கின்றன. வட்ஸ்அப் செட்டிங்ஸில் படமும் வீடியோவும் தானாக இறங்குவதை நிறுத்திவிடலாம். அப்போது பிள்ளை தொலைபேசியைத் திறந்ததும் யாரோ அனுப்பிய விபத்துக் காட்சி முகத்தில் வந்து அடிக்காது. யூடியூபில் ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுவதையும் நிறுத்தலாம். எங்கள் வீட்டில் இந்த இரண்டையும் நான்தான் செய்தேன். உம்மாவுக்குத் தெரியாது, தம்பிக்குத் தெரிந்தாலும் சொல்ல மாட்டான். விளையாட்டுகளுக்குப் போடப்பட்டிருக்கும் வயதைப் பாருங்கள். ஜி.டி.ஏ. 5 என்ற விளையாட்டுக்கு ஐரோப்பாவில் 18 வயது என்று போட்டிருக்கிறார்கள். தரம் 6 பிள்ளைகள் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதை நான் பாடசாலை வேனில் கேட்டிருக்கிறேன். ஆனால் முற்றாகத் தடுத்துப் பார்த்த பெற்றோரையும் எனக்குத் தெரியும். பிள்ளை பக்கத்து வீட்டில் போய்ப் பார்க்கிறது. அங்கே பார்த்ததைப் பற்றி வீட்டில் கேட்கவும் பயப்படுகிறது.

நான் இப்போது செய்வது வேறு. வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் தம்பி விளையாடும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறேன். முதலில் அவனுக்குப் பிடிக்கவில்லை. பிறகு விளக்கம் சொல்லத் தொடங்கினான், எனக்கு ஒன்றும் தெரியாது என்பதில் அவனுக்கு அவ்வளவு பெருமை. கேள்வி கேட்பது மட்டும்தான் என் வேலை. நான் பேச்சுப் போட்டியில் சொன்னது போல அந்த விளையாட்டில் எல்லாமே கெட்டதும் இல்லை. போன கிழமை அவனுடைய குழுவில் ஒருவன் சுடப்பட்டு முழங்காலில் விழுந்தான். தம்பி சண்டையை விட்டுவிட்டு, மறைந்து மறைந்து ஓடிப்போய் அவனுக்குப் பக்கத்தில் குந்தினான்.

"என்ன செய்றே?" என்றேன்.

"எங்கட ஆள் விழுந்தா போய் எழுப்பணும் ராத்தா. கொஞ்ச நேரந்தான் இருக்கு. இல்லாட்டி ஆள் முடிஞ்சி."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்த மரக்கறிக்கார அம்மா நினைவுக்கு வந்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டேன்.

"மத்த டீம் ஆள் விழுந்தா?"

தம்பி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அவன்ட பெட்டியில இருக்கிற சாமானை எடுக்கலாம்" என்றான்.